பிற சமயத்தார் குர்ஆன் வாசிக்க: எங்கே தொடங்குவது, எங்கே தடுக்கும்

கோயிலுக்கோ சர்ச்சுக்கோ ஒழுங்காகப் போகிறவர், தம் நம்பிக்கையை விடும் எண்ணமே இல்லாதவர், குர்ஆனில் என்னதான் இருக்கிறது என்று நேராகப் படித்துப் பார்க்க நினைக்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கி முதல் பக்கத்தில் ஆரம்பிக்கிறார். ஏழு வசனங்களில் அல்ஃபாத்திஹா முடிந்துவிடுகிறது. அடுத்து நிற்பது 286 வசனம் கொண்ட அல்பகரா. ஆதமின் கதை, இஸ்ராயீலின் மக்கள், தொழும் திசை, நோன்பு, ஹஜ், விவாகரத்து, கடன் பத்திரம் என்று அது போய்க்கொண்டே இருக்கும். அறுபது எழுபது வசனம் தாண்டுவதற்குள் புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

அச்சில் உள்ள வரிசையில் தொடங்கியதால் வந்த கோளாறு இது. 114 அத்தியாயங்களும் பெரும்பாலும் நீளமானது முன்னால், குட்டையானது பின்னால் என்று அடுக்கப்பட்டவை. காலவரிசை அல்ல. நபிகள் நாயகத்துக்கு 610 வாக்கில் முதலில் அருளப்பட்டதாகக் கொள்ளப்படும் வசனங்கள் 96ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இருக்கின்றன. 622இல் மதீனாவுக்குப் போன பிறகு, ஒரு சமூகத்துக்குச் சட்டம் வகுத்த காலத்தில் வந்த நீண்ட அத்தியாயங்கள் முன்பக்கத்தில் வந்துவிடுகின்றன. வழக்கமான கணக்குப்படி 86 அத்தியாயம் மக்காவில் வந்தவை, 28 மதீனாவில். ஆக, முன்னாலிருந்து படிப்பவர் கடைசிப் பத்தாண்டுப் பேச்சை முதலில் கேட்கிறார். முஸ்லிம்களுக்கு இது சிக்கலே இல்லை. சின்ன வயதிலேயே கடைசிப் பகுதியை ஓதி மனப்பாடம் செய்துவிடுவார்கள். முழு நூலையும் திரும்பத் திரும்ப ஓதுவார்கள். வெளியாருக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் வேறு வழி வேண்டியிருக்கிறது.

எந்தப் பிரதி

“தமிழ் குர்ஆன்” என்று மட்டும் கேட்டால் மூன்று வகை கைக்கு வரலாம். அரபு மூலமும் தமிழ்ப் பொருளும் சேர்ந்தது ஒன்று. தமிழ் மட்டும் உள்ளது ஒன்று. அரபு ஓதலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டது இன்னொன்று. அது ஓதுகிறவருக்கானது, அதில் பொருள் இருக்காது. முதல் இரண்டில் ஒன்றை வாங்குங்கள். அதுவும் ஒரு மொழிபெயர்ப்போடு நிற்க வேண்டாம், இரண்டு வேண்டும். ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் ‘தர்ஜமத்துல் குர்ஆன்’ தமிழ் முஸ்லிம் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்குவது. மதீனாவின் மன்னர் ஃபஹத் அச்சகமும் ஒரு தமிழாக்கத்தை வெளியிட்டிருக்கிறது. பின்னால் வந்தவையும் பல உண்டு. ஒன்று பழைய நடையிலும் மற்றது இன்றைய நடையிலும் இருந்தால் நல்லது.

வாங்கும் முன் கடையிலேயே 1:7ஐ, அதாவது முதல் அத்தியாயத்தின் ஏழாம் வசனத்தை, திறந்து பாருங்கள். கோபத்துக்கு ஆளானவர்கள், வழிதவறியவர்கள் என்று இரு சாராரை அந்த வசனம் சொல்கிறது, பெயர் சொல்லவில்லை. சில மொழிபெயர்ப்புகள் அங்கே யூதர், கிறிஸ்தவர் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கும். அது உரை மரபிலிருந்து வந்தது; வசனத்தில் இல்லாதது. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு தூரம் தாமே பேசுகிறார் என்பது இதிலேயே தெரிந்துவிடும். தமிழாக்கங்களில் அடைப்புக்குறிகள் ஏராளம்: யார் பேசுவது, எதைப் பற்றி, எந்தச் சந்தர்ப்பம் என்றெல்லாம் நிரப்பியிருப்பார்கள். முதல் தடவை அவற்றோடு சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் புரியாது. இரண்டாம் தடவை அவற்றை விட்டுவிட்டுப் படியுங்கள். பல இடங்களில் வசனம் முன்னைவிடத் திறந்ததாக, சில இடங்களில் முன்னைவிடக் கடுமையாக இருக்கும்.

முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள். தர்கா, மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), ஹதீஸ் (நபியின் சொல், செயல் பற்றிய பதிவு) பற்றி மொழிபெயர்ப்பாளர் என்ன நினைக்கிறார் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரியும். அடிக்குறிப்புகளில் அதே சாய்வு வரும்போது அடையாளம் காணலாம்.

இணையத்தில் படிப்பவர்களுக்கு ஒன்று. பழைய ஐரோப்பிய நூல்களில் வசன எண் சில இடங்களில் முன்பின்னாக இருக்கும். குஸ்தாவ் ஃப்ளூகல் 1834இல் ஜெர்மனியில் அச்சிட்ட பதிப்பின் எண்களை அவை பின்பற்றுவதே காரணம். மேற்கோள் பொருந்தாவிட்டால் மேலும் கீழும் நாலைந்து வசனம் தேடிப் பாருங்கள்.

கையாளும் முறை

அரபு மூலம் உள்ள பிரதியை உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் சுத்தம்) செய்யாமல் தொடுவதில்லை என்பது பெரும்பான்மை முஸ்லிம்களின் வழக்கம். மொழிபெயர்ப்பு, விளக்கவுரை கலந்த பிரதி விஷயத்தில் பல ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) தளர்வாகவே சொல்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிரதி என்றால் கையைக் கழுவிவிட்டு எடுத்தால் போதும். முஸ்லிம் வீட்டிலோ பள்ளிவாசலிலோ என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். தரையில் வைக்கக் கூடாது; கால் நீட்டிய பக்கம் வைக்கக் கூடாது; அதன்மேல் வேறு புத்தகம், மூக்குக்கண்ணாடி, காபி டம்ளர் எதுவும் வைக்கக் கூடாது. மரத்தால் செய்த மடக்குப் பலகை, ரேஹால், விலை அதிகமில்லை. வாங்கிக்கொண்டால் கழுத்து வலியும் குறையும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இருந்தால் இதில் மட்டுமாவது விடுங்கள். கோடு போட, ஓரத்தில் எழுத ஆசை வரும். அதற்குத் தனி நோட்டு.

வாசிக்கும் வரிசை

அல்ஃபாத்திஹாவை முதலில் படியுங்கள், மெதுவாக. ஐவேளைக் கடமைத் தொழுகையில் மொத்தம் 17 ரக்அத், அதாவது தொழுகைச் சுற்று. ஒவ்வொன்றிலும் இது ஓதப்படுகிறது. ஒரு முஸ்லிம் தினமும் குறைந்தது இத்தனை முறை சொல்லும் வார்த்தைகள் என்ற நினைப்போடு படித்தால், ஏழு வசனங்களுக்கு ஏன் இவ்வளவு இடம் என்று விளங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2 முதல் 4 வரை இறைவனைப் பற்றிப் பேச்சு; 5ஆம் வசனத்தில் திடீரென இறைவனிடமே பேச்சு. இந்த ஆள்மாற்றம் நூல் முழுக்க வரும். 10:22இல் “நீங்கள்” கப்பலில் ஏறுகிறீர்கள், வாக்கியம் முடிவதற்குள் “அவர்கள்” ஆகிவிடுகிறீர்கள். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அரபு நடையில் இது ஓர் அணி.

பிறகு கடைசி ஜுஸ்வு (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று), அதாவது 78 முதல் 114 வரை. எல்லாம் வேண்டாம், 93, 94, 99, 101, 102, 103, 107, 112 ஆகியவற்றை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றும் அரைப் பக்கம்கூட வராது. 107ஐப் பாருங்கள்: அனாதையை விரட்டுகிறவன், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவன், தொழுதும் பிறர் பார்க்கத் தொழுகிறவன். ஏழு வசனத்தில் முடிகிறது. மக்காவின் தொடக்க காலப் பேச்சு இப்படித்தான்: குட்டையாக, அதட்டலாக, பணக்கார வணிகர்களை நோக்கி.

மூன்றாவதாகக் கதை. யூசுஃப் (12), பைபிளின் யோசேப்பு கதை, 111 வசனம். ஒரே கதை தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும் நீண்ட அத்தியாயம் இது ஒன்றுதான். ஒரே அமர்வில் படித்து முடியுங்கள். அதன் பிறகு மர்யம் (19), தாஹா (20), அல்கஹ்ஃப் (18). பைபிள் தெரிந்தவருக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது: தெரிந்த கதையைத் தெரியாத கதைமேல் ஏற்றிப் படித்துவிடுவார். யூசுஃபை மயக்க முயன்றவளுக்கு இந்த அத்தியாயத்தில் பெயர் கிடையாது, அஜீஸின் (எகிப்திய உயர் அதிகாரியின்) மனைவி என்றுதான் வரும். ஜுலைகா என்பது பிற்காலத்தது. ஆதமின் துணைவிக்கும் குர்ஆனில் பெயர் இல்லை, பழி இருவருக்கும் சேர்ந்தே வருகிறது. 37:102இல் பலியிடப்படவிருந்த, இப்ராஹீமின் (ஆபிரகாமின்) மகனுக்கும் பெயர் இல்லை. இஸ்மாயீல் என்பது இன்றைய முஸ்லிம்களின் பொதுவான புரிதல். 923இல் காலமான பெரும் உரையாசிரியர் அத்தபரி, இஸ்ஹாக் (ஈசாக்கு) என்றே கருதினார். வசனம் சொன்னது எது, உரை சொன்னது எது, மேடைப் பேச்சில் கேட்டது எது என்று பிரித்து எழுதும் பழக்கம் இந்தக் கட்டத்திலேயே வந்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஓதலையும் கேளுங்கள். எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் ஓதல் நிதானமானது. மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வசன எண்ணோடு பின்தொடர முடியும். மர்யம் அத்தியாயத்தைப் போடுங்கள். 2 முதல் 33 வரை வசனங்கள் ஏறக்குறைய எல்லாமே “இய்யா” என்ற இயைபில் முடியும். 34இல் அது உடைந்து “ஊன்”, “ஈன்” என்று மாறும். 41இல் பழையபடி திரும்பும். சரியாக அந்த ஏழு வசனங்களில்தான் கதை நின்று, ஈஸா (இயேசு) யார் என்ற வாதம் நடக்கிறது. அரபு ஓர் எழுத்துகூடத் தெரியாதவருக்கும் இது காதில் விழும். அர்ரஹ்மானில் (55) ஒரே கேள்வி 31 முறை வருவதும் அச்சில் சலிப்பாகத் தெரியும், கேட்டால் அப்படித் தெரியாது. தேவாரத்தை ஓதுவார் வாயிலாகக் கேட்பதற்கும் உரைநடையில் சுருக்கிப் படிப்பதற்கும் உள்ள தூரம் இங்கேயும் உண்டு.

நான்காவதாக அஷ்ஷுஅரா (26), அல்அன்ஆம் (6), அன்னஹ்ல் (16), லுக்மான் (31). இவை முடிந்த பிறகுதான் மதீனா அத்தியாயங்களுக்குள் போக வேண்டும்.

அங்கே நுழையும் முன் ஒரு அட்டையில் இதை எழுதி நூலுக்குள் வையுங்கள்: 622 ஹிஜ்ரத் (மதீனாவுக்குப் பெயர்ந்தது); 624 பத்ர் போர் (அத்தியாயம் 8); 625 உஹுத் போர் (3:121 முதல்); 627 அகழ்ப் போர் (அத்தியாயம் 33); 628 ஹுதைபிய்யா உடன்படிக்கை (அத்தியாயம் 48); 630 மக்கா வெற்றி, அதே ஆண்டு தபூக் படையெடுப்பு (அத்தியாயம் 9). இந்த ஆறு வரி இல்லாமல் மதீனா அத்தியாயங்களைப் படித்தால், தொலைபேசியில் ஒருவர் பக்கம் மட்டும் கேட்பது மாதிரிதான்.

அல்பகராவைத் துண்டு போட்டுப் படியுங்கள். 1–39 முன்னுரையும் ஆதமும். 40–123 இஸ்ராயீலின் மக்களோடு வழக்கு. 124–152 இப்ராஹீம், கஅபா, தொழும் திசை மாறியது. 153–283 பெரும்பாலும் சட்டம்; நோன்பு 183 முதல் 187 வரை. 284–286 முடிவு, கடைசி வசனம் பிரார்த்தனை. குர்ஆனிலேயே நீளமான வசனம் 2:282 கடனை எழுத்தில் பதிந்து சாட்சி வைப்பது பற்றியது. வேத நூல் என்றால் தியானமும் துதியும்தான் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கே சற்று நின்று போவது நல்லது.

நோட்டு

இடப்பக்கம் நூலுக்கு, வலப்பக்கம் உங்களுக்கு. இந்த இரண்டு பக்கத்தையும் கலக்காமல் வைத்திருப்பதுதான் முழு முறையின் முதுகெலும்பு.

இடப்பக்கத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று கேள்வி: யார் பேசுகிறார், யாரிடம், எப்போது. “நாம்” என்றால் இறைவன். “கூறுவீராக” என்றால் நபிக்கு இட்ட கட்டளை. “அவர்கள் கூறுகிறார்கள்” என்று வந்தால் அடுத்து வருவது மறுப்பவரின் பேச்சு. இதைத் தவறவிட்டால் விபரீதம். “இவ்வுலக வாழ்வைத் தவிர வேறில்லை, காலம்தான் நம்மை அழிக்கிறது” என்ற கருத்து 45:24இல் இருக்கிறது. குர்ஆனின் கருத்து என்று யாராவது மேற்கோள் காட்டினால் கேட்பவர் சிரிப்பார். அது மறுமையை நம்பாதவர்களின் வாதம், எதிர்ப்பதற்காக எடுத்துச் சொல்லப்பட்டது.

வலப்பக்கத்தில் உங்கள் நம்பிக்கை பேசட்டும். ஒத்துப்போவது, இடிப்பது, கோபம், வியப்பு, எல்லாம் அங்கே. ஒரு அத்தியாயத்தை முடித்த பிறகு மட்டும் எழுதுங்கள். நடுவில் எழுத ஆரம்பித்தால் அடுத்த வசனத்தைப் படிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எங்கே தடுக்கும்

இந்துக்களுக்குப் பழக்கப்பட்ட வழுக்கல், “எல்லாச் சாமியும் ஒண்ணுதான், இதிலும் அதையேதான் சொல்றாங்க” என்பது. மரியாதையாகத் தோன்றும், ஆனால் நூலைக் கேட்கவிடாது. 39:3ஐ எடுங்கள். “இவை எங்களை இறைவனிடம் நெருக்கமாக்கும் என்பதற்காகவே வணங்குகிறோம்” என்று சொல்பவர்களின் வாதத்தைக் குர்ஆன் அப்படியே எடுத்துவைத்து மறுக்கிறது. மூர்த்தி வழிபாட்டுக்கு நம்மில் பலர் சொல்லும் விளக்கத்துக்கு மிக அருகே வரும் வாதம் அது. நேர் எதிரில் நிற்பது மக்காவின் குறைஷி குலத்தார். 53:19–20இல் லாத், உஸ்ஸா, மனாத் என்று அவர்களின் தெய்வங்கள் பெயரோடு வருகின்றன. இந்துக்கள் என்ற பெயர் நூலில் எங்கும் இல்லை. அதனால் இது நமக்கில்லை என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் கொள்கை பொதுவானது என்றே உரையாசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே நூலில் 6:108, பிறர் அழைக்கும் தெய்வங்களைத் திட்டாதீர்கள் என்கிறது. இரண்டையும் இடப்பக்கத்தில் எழுதுங்கள். மனம் வருந்தினால் வலப்பக்கம் இருக்கிறது.

நாகூருக்குப் போய்ப் பழகியவர்கள் தமக்கு இஸ்லாம் ஏற்கெனவே தெரியும் என்று நினைப்பதுண்டு. தர்கா வழக்கம் வேறு, இந்த நூல் வேறு. முஸ்லிம்களுக்குள்ளேயே தர்கா பற்றி ஓயாத சர்ச்சை இருக்கிறது.

கிறிஸ்தவர்களின் வழுக்கல் எதிர்ப்பக்கம்: தமக்குத் தெரிந்த கதையின் பிழையான பிரதி என்று கொண்டு ஒவ்வொரு வித்தியாசத்தையும் திருத்திக்கொண்டே போவது. மரியாள் பேரீச்ச மரத்தடியில் தனியாகப் பிரசவிக்கிறாள் (19:23–26). யோசேப்பு இல்லை, தொழுவம் இல்லை. அதை அதன் போக்கில் விடுங்கள். குர்ஆனில் பெயர் சொல்லி வரும் ஒரே பெண் மர்யம் (மரியாள்) என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். உண்மையான மோதல் 4:157, 4:171, 5:116 ஆகிய வசனங்களிலும் 112ஆம் அத்தியாயத்திலும் இருக்கிறது. அதை மழுப்பி எந்தப் பயனும் இல்லை. 4:157 இயேசுவின் சிலுவை மரணத்தை மறுக்கிறது. ஆனால் வேறொருவர் உருமாற்றப்பட்டு அவருக்குப் பதிலாக அறையப்பட்டார் என்ற விவரம் உரைகளில்தான் உண்டு. வசனம் சொல்வது, அவர்களுக்கு அப்படித் தோன்றும்படி ஆக்கப்பட்டது என்பது மட்டும்.

இன்னொரு ஒப்பீட்டுப் பிழை, குர்ஆனைச் சுவிசேஷத்தோடு ஒரே தட்டில் வைப்பது. நபியின் சொல்லும் செயலும் ஹதீஸ்களில் இருக்கின்றன, அவை தனி நூல்கள். முஹம்மது என்ற பெயர் குர்ஆனில் நான்கு முறைதான் வருகிறது. மூஸாவின் (மோசேயின்) பெயர் நூறு தடவைக்கு மேல். நாயகத்தின் வாழ்க்கை வரலாற்றை இங்கே தேடினால் கிடைக்காது.

போர் வசனங்களுக்கு ஒரு விதி: ஒற்றை வசனத்தைப் படிப்பதில்லை, முன்னும் பின்னும் குறைந்தது பத்துப் படிப்பது. பல தெய்வ வழிபாட்டினரைக் கொல்லச் சொல்வதாகக் காட்டப்படும் 9:5 எல்லோர் வாயிலும் அடிபடுவது. 9:1 முதல் 13 வரை படியுங்கள். ஒப்பந்தத்தைக் காத்தவர்களுக்கு நான்காம் வசனத்தில் விலக்கு, அடைக்கலம் கேட்பவரைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடும்படி ஆறாம் வசனத்தில் கட்டளை, முதலில் தொடங்கியவர்கள் அவர்களே என்று பதின்மூன்றில். அதே சமயம், இந்த வசனம் முந்தைய சமாதான வசனங்களை மாற்றிவிட்டது என்று கொண்ட பழைய உரையாசிரியர்களும் இருந்தார்கள், அதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு பேசுவதே நேர்மை.

பின்னது முன்னதை மாற்றும் இந்தக் கருத்துக்கு நஸ்க் என்று பெயர். படிப்படியாக வந்த கட்டளைகளைப் பார்க்க எளிய இடம் மது: 16:67, 2:219, 4:43, 5:90 என்ற வரிசையில் படியுங்கள். பழத்திலிருந்து கிடைக்கும் போதைப் பானம் பற்றிய குறிப்பு, பயனைவிடப் பாவம் பெரிது என்ற எச்சரிக்கை, போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்ற கட்டுப்பாடு, கடைசியில் முழுத் தடை. அச்சு வரிசையில் படித்தால் தொடக்கம் கடைசியில் வந்து எல்லாம் குழம்பிவிடும்.

உரையும் ஆட்களும்

தப்ஸீரை (குர்ஆன் விளக்கவுரையை) முதல் வாசிப்பில் தொடாதீர்கள்; தடுக்கிய இடத்துக்கு மட்டும் பாருங்கள். இப்னு கஸீரின் உரை தமிழில் கிடைக்கிறது. அவர் 14ஆம் நூற்றாண்டு அறிஞர், ஹதீஸ்களைக் கொண்டே விளக்குபவர். இன்றைய இயக்கத் தலைவர்கள் எழுதிய உரைகளும் உண்டு. அவை 20ஆம் நூற்றாண்டு அரசியலோடு பேசுபவை. ஒரு வசனத்துக்கு இரண்டு உரை பார்த்து, இரண்டும் ஒத்தால் மேலே போங்கள். ஒக்காவிட்டால் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கேட்பதற்குப் பக்கத்துப் பள்ளிவாசல் இமாமைப் பாருங்கள். “ஹஜ்ரத்” என்று அழைப்பதே வழக்கம். லுஹர் (நண்பகல்) அல்லது அஸர் (பிற்பகல்) தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நல்ல நேரம். வெள்ளிக்கிழமையும் ரமலானும் வேண்டாம். போனதும் சொல்லிவிடுங்கள்: “நான் சைவன், அப்படியேதான் இருப்பேன், தெரிஞ்சுக்கப் படிக்கிறேன்.” இதை மறைத்துவிட்டுப் போனால், அவர் மார்க்கத்துக்கு அழைப்பதாக எண்ணிப் பேசுவார், நீங்கள் விவாதமாக எடுத்துக்கொள்வீர்கள், பேச்சு கசந்துவிடும். “இது நியாயமா?” என்று தொடங்காமல், “இந்த வசனத்தை நீங்க எப்ப ஓதுவீங்க? எப்படி விளங்கிக்கிறீங்க?” என்று கேளுங்கள். உயிர் பிரியும் தறுவாயில் யாஸீன் அத்தியாயம் ஓதுவது, வெள்ளிக்கிழமை அல்கஹ்ஃப் ஓதுவது போன்றவை இப்படிக் கேட்டால்தான் வெளிவரும். முஸ்லிம் நண்பரின் வீட்டில் கேட்பதாக இருந்தால் அம்மாக்களிடமும் கேளுங்கள். எந்த அத்தியாயத்தை எந்தக் கஷ்டத்துக்கு ஓதுவார்கள் என்பது அவர்களுக்குத்தான் அத்துப்படி.

உங்கள் பூஜையோ ஜெபமோ வழக்கம்போல நடக்கட்டும், வாசிப்பை அதற்குள் கொண்டுபோக வேண்டாம். பிடித்த வசனத்தைப் பெயர்த்தெடுத்து மந்திரம் மாதிரி சொல்லிக்கொள்வது அவர்கள் நூலுக்கும் நியாயம் செய்யாது, உங்கள் வழிபாட்டுக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு, ஆறு மாதம் கழித்தோ மறு ரமலானிலோ, அச்சு வரிசையில் முதலிலிருந்து படியுங்கள். நாளைக்கு ஒரு ஜுஸ்வு, முப்பது நாள். ஜுஸ்வு தொடங்கும் இடம் பிரதியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தமிழில் ஒன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் தடவை கசந்த அல்பகரா இப்போது ஓடும், ஏனென்றால் அது யாரைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிந்திருக்கும்.

பிரதி பழசாகிவிட்டாலோ இனித் தேவையில்லை என்றாலோ பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பள்ளிவாசலில் கொடுத்தால் நல்ல நிலையில் இருப்பதை வேறொருவருக்குக் கொடுப்பார்கள். கிழிந்ததை மண்ணில் புதைப்பார்கள்.